கறுப்புத் திரையில் ஒரு வாய்

1. முதல் நாள்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அது மூடும்வரை காத்திருந்து, பிறகுதான் இரண்டாவதைத் திறக்கவேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற அந்தச் சில நொடிகளில் பேர்லின் இல்லாமல் போய்விடும். பஸ் இல்லை, சைக்கிள் மணி இல்லை, மழை இல்லை. காதுக்குள் சொந்த இரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும் இருக்கும்.

இரண்டாவது கதவைத் திறந்தேன். இருட்டு. முன்னால் ஒரு பெரிய திரை, அதுவும் கறுப்பு. அந்தக் கறுப்பின் நடுவில், ஒரு தேநீர்த் தட்டளவு வட்டத்துக்குள், ஒரு வாய் மிதந்துகொண்டிருந்தது.

மூக்கின் நுனி, இரண்டு உதடுகள், சவரம் செய்யாத தாடை. அவ்வளவுதான். ஆள் நடந்தால் வட்டமும் திரையில் நடந்தது. ஆள் குனிந்தால் வட்டமும் குனிந்தது. மற்றதெல்லாம் மூடப்பட்டிருந்தது.

"படம் பழுதாப் போச்சுதா அண்ணை?" என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். ஒலிப்பதிவு மேசையில் இருந்தவர் ரமணன் அண்ணை. எனக்கு அந்தப் பயிற்சி இடத்தை எடுத்துத் தந்தவரும் அவர்தான்.

"பழுதில்லை. ஆரும் களவாப் பிரதி எடுத்துப்போடுவினம் எண்டு அமெரிக்காவில இருந்து இப்பிடித்தான் அனுப்புறாங்கள். எங்களுக்கு வாய் மட்டும். மிச்சம் தியேட்டருக்கு."

"வாயை மட்டும் பாத்து என்ன விளங்கும்?"

"எங்கட வேலைக்கு அது காணும்."

அவர் சொன்னதை நான் ஐந்து வருடம் நம்பினேன்.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஹொலிவூட் படங்கள் இந்த நாட்டில் பெரும்பாலும் ஜெர்மனில்தான் பேசும். ஒவ்வொரு பெரிய நடிகருக்கும் இங்கே நிரந்தரமாக ஒரு குரல் உண்டு. அங்கே அவருக்கு வயது போகப்போக இங்கே குரலுக்கும் வயது போகும். படம் சின்னத் துண்டுகளாக வரும். ஒவ்வொரு துண்டும் ஒரு டேக், ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற நீளம். குரல் கொடுப்பவர் மைக்குக்கு முன்னால் நிற்பார். உணர்ச்சியை இயக்குநர் பார்ப்பார். சத்தத்தை ஒலிப்பதிவாளர் பார்ப்பார். கட்டரின், அதாவது துண்டுகளை வெட்டி ஒட்டுகிறவள், என்று ஒருத்தி இருப்பாள், அவள் உதட்டைப் பார்ப்பாள். ம, ப வந்தால் உதடு மூடவேண்டும். வ வந்தால் மேற்பல் கீழுதட்டில் தொடவேண்டும். திரையில் வாய் மூடின பிறகும் குரல் கேட்டால் "நீளம்" என்று சொல்லவேண்டும்.

அந்த ஒருத்திதான் நான். உணர்ச்சி என்னுடைய பாடம் இல்லை. இதை அன்றைக்கே ஒரு கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டியிருந்தால் இந்தக் குறிப்பை எழுதவேண்டி வந்திராது.

2. அமெரிக்கன்

வட்டத்துக்குள் மிதந்த அந்த வாயை எனக்கு உடனேயே தெரிந்துவிட்டது. அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். படங்களின் பெயரையும் எழுதமாட்டேன். எழுதுவதில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறோம். கூடத்திலும் யாரும் பெயர் சொல்வதில்லை. எங்கள் எல்லோருக்கும் அவர் "அமெரிக்கன்".

எனக்கு ஏழு வயதில் ஹம்பேர்க்குக்கு வெளியே ஓர் அகதி விடுதியில் இருந்தோம். பொது அறையில் ஒரு தொலைக்காட்சி. ஒரு ஞாயிறு பின்னேரம் அதில் ஒரு கலங்கரை விளக்கம் வந்தது. அதற்குள் ஒரு மனிதன். படம் முழுக்க அவன் பேசியது ஒரு பக்கம்கூட வராது. ஒரு முறை கடலைப் பார்த்து, "புயல் வருகிறது. நல்லது" என்றான். அதுதான் நான் முழுதாகப் பேசின முதல் ஜெர்மன் வசனம். அடுத்தநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டபோது அதைத்தான் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றா.

அதன் பிறகு, பேர்லினுக்குக் குடிவந்த பின்னும், அமெரிக்கனின் படம் ஒன்றையும் விடவில்லை. நீதிபதியாக வந்தார். லஞ்சம் வாங்கிக்கொண்டு, தேநீருக்குச் சீனி கேட்கிற குரலில் ஆயுள் தண்டனை கொடுக்கிற நீதிபதி. பெண்கள் விடுதிப் பாடசாலை ஒன்றின் தலைமை ஆசிரியையாக வந்தார். ஆம், பெண்ணாக. படம் பாதி போகும்வரைக்கும் அது அவர்தான் என்று தியேட்டரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. திக்கித் திக்கிப் பேசுகிற லிஃப்ட் விற்பனையாளராக வந்தார். விண்வெளியில் தனியே மிதக்கிறவராக வந்தார். ஒரே உடம்பிலிருந்து இத்தனை பேர் எப்படி வெளியே வருகிறார்கள் என்று யோசித்தபடி U-Bahn சுரங்க ரயிலில் இறங்கவேண்டிய இடத்தைப் பலமுறை தவறவிட்டிருக்கிறேன்.

அம்மாவும் எல்லாவற்றையும் என்னோடு பார்த்தா. அவவுக்கு ஜெர்மன் அதிகம் வராது. அலுவலகங்கள் துப்புரவாக்குகிற வேலைக்கு அவ்வளவு தேவைப்படவும் இல்லை. அதனால் அவ படங்களுக்குத் தானே பெயர் வைத்திருந்தா. கலங்கரை விளக்கப் படம் அவவுக்கு "கண்ணாடி துடைக்கிற படம்". நீதிபதி வந்தது "பேனை மூடி திருகிற படம்". தலைமை ஆசிரியை, "கொண்டை ஊசி குத்திற படம்". கைக்குட்டையோடு திரிகிற லிஃப்ட் விற்பனையாளர், "லேஞ்சி மடிக்கிற படம்".

"அம்மா, அது லஞ்சத்தைப் பற்றின படம். பேனை மூடி இல்லை."

"எனக்கென்ன தெரியும். பாஷை படிச்சது நீங்களெல்லே."

எனக்குச் சிரிப்பு வரும். அப்பொழுது நான் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கனின் நான்கு வேடங்களைப் பற்றி முப்பது பக்கத்தில் கட்டுரைகூட எழுதினேன். மூன்றாவது அரையாண்டோடு படிப்பை விட்டேன். ஓரிடத்தில் இருந்து வாசிக்கிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருநாள் வகுப்பில் அவருடைய படம் ஒன்றை ஆங்கிலத்தில் போட்டார்கள். அதே முகம். அதே வாய். அதிலிருந்து முன்பின் தெரியாத ஒருவரின் குரல் வந்தது. மெல்லிய, மூக்கால் வருகிற குரல். பாதியில் எழும்பி வெளியே வந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அமெரிக்கன் இரண்டு பேர் என்று அன்றுதான் உறைத்தது. ஒருவர் முகம், மற்றவர் குரல். முகம் கடலுக்கு அப்பால் இருந்தது. குரல் பேர்லினில் இருந்தது, எங்கள் வீட்டிலிருந்து பதினொரு பஸ் தரிப்புத் தூரத்தில்.

3. லோமன்

குரலின் பெயர் ஹெர் லோமன். கட்டையான, உருண்டையான மனிதர். கம்பளி அரைக்கோட்டு. மைக்குக்கு முன்னால் சப்பாத்துப் போடமாட்டார், காலுறைதான். உள்ளே போகமுன் பைகளைக் காலிசெய்து வீட்டுத் திறப்பு, கண்ணாடிக்கூடு, இருமல் இனிப்பு எல்லாவற்றையும் என் மேசையில் குவிப்பார். மைக்கில் துணி உரசினாலும் ரமணன் அண்ணை நிறுத்திவிடுவார். நைலோன் உடுப்போடு வந்த ஒரு நடிகையை வீட்டுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நான் அந்த வேடங்களைப் பற்றிக் கேட்பதற்காகவே காத்திருந்தேன். முதல் நாளே கேட்டேன். அவர் பேசினது ஜெர்மன்தான், எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தக் கலங்கரை விளக்கப் படம் முடியிற இடம் எப்பிடி இருந்தது உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது. நான் பாக்கேல்லை."

"நீங்கள்தானே பேசினது."

"பேசினனான். பாக்கேல்லை. என்ர பகுதி எனக்குத் தெரியும். மிச்சத்துக்கு நான் ஏன் டிக்கெட் எடுக்கவேணும்?"

ஒரு படத்தையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வேடத்தையும் உடம்பில் எங்கோ வைத்திருந்தார். திக்குவாய் விற்பனையாளருக்கு, எத்தனை தரம் திக்கவேண்டும் என்பதைத் தொடையில் விரலால் தட்டித் தட்டி எண்ணினாராம். தலைமை ஆசிரியைக்குக் குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொரு வசனத்தின் கடைசிச் சொல்லையும் முதலில் மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடங்கினாராம், அதுவே ஒரு பெண்ணின் பிடிவாதமாகக் கேட்டது. விண்வெளிப் படத்துக்கு இரண்டு நாள் முழுக்க மூச்சு மட்டும். அதற்கு நானும் இருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் மூச்சு விட்டு விட்டுத் தலைசுற்றி நிலத்தில் இருந்துவிட்டார். ஓடிப்போய்ப் பார்த்தால், இருட்டில் சப்பாணி கட்டிக்கொண்டு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். பின்னால் கறுப்புத் திரையில் தலைக்கவசத்தின் கண்ணாடிக்குள் அந்த வாய் திறந்து மூடியபடி மிதந்தது. அவர் தின்கிற தாளமும் அதன் தாளமும் ஒன்றாக இருந்தன. எந்தப் படத்திலும் அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உதடு" என்பார். "உதடு என்ன சொல்லுது? சரியோ?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். நான் "சரி" என்றால்தான் அடுத்த டேக். அந்த அதிகாரம் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது.

4. மூன்று வரி

ஐந்தாவது வருடம் அமெரிக்கனின் புதுப் படம் வந்தது. ஆற்றில் கயிற்றுப் படகு ஓட்டுகிற ஒரு முதியவர். ஜெர்மன் குரலுக்கு இயக்குநர் ஃபிராவ் கெஸ்லர், எங்கள் கூடத்தில் எல்லோரும் பயப்படுகிற பெண்மணி. தொடங்குகிற நாள் விநியோக நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கெஸ்லரிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"அமெரிக்கன் இன்னும் பத்துப் படமாவது நடிப்பார். லோமனுக்கு வயது போகுது. இந்த ஒண்டையும் பாத்திட்டு யோசிப்பம். ஒரு இளங்குரல் இருக்கு."

லோமனுக்கும் அது தெரிந்திருந்தது. அவருக்கு மூன்று பல் பிடுங்கவேண்டும். பல் போனால் உச்சரிப்பு மாறிவிடும் என்று பதிவு முடியும்வரை பல் வைத்தியரிடம் எடுத்திருந்த டெர்மினைத் தள்ளிப்போட்டிருந்தார். ஒரு பக்கத்தால் மட்டும் சப்பினார். குளிர்ந்த தண்ணீர் குடிக்கமாட்டார். அந்த வலியோடுதான் படகுக்காரர் முழுவதையும் பேசினார், ஓர் இடத்திலும் அது குரலில் தெரியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வந்தோம். நகரத்திலிருந்து மகள் வந்திருக்கிறாள், தகப்பனைக் கூட்டிக்கொண்டு போக. முந்தின காட்சியில் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. இப்பொழுது அவர் அவளிடம் மூன்று வரி சொல்கிறார்:

"குளிருது. நீ இனிப் போகலாம். எனக்கு ஒரு குறையும் இல்லை."

ஆங்கிலத்தில் கேட்டால் அமெரிக்கன் அதை ஒரு நிறமும் இல்லாமல் சொல்கிறார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஓர் இடைவெளி. திரையில் வட்டத்துக்குள் வாய் மட்டும்.

கெஸ்லர் இளக்கமாகக் கேட்டா. லோமன் இளக்கமாகச் சொன்னார். உதடு பொருந்தியிருந்தது. நான் "சரி" என்று சொல்லவேண்டும். நான் சொன்னது:

"உதடு சரி. ஆனா அது அவரில்லை."

கெஸ்லர் திரும்பிப் பார்த்தா. நான் நிறுத்தவில்லை. இந்த வாயை எனக்கு இருபது வருடமாகத் தெரியும் என்றேன். இடது ஓரம் உள்ளே மடிகிறது பாருங்கோ என்றேன். நீதிபதிப் படத்தில் தண்டனை வாசிக்கிறபோதும் இப்படித்தான் மடிந்தது. இது கதவைச் சாத்துகிற வாய். அவர் மகளைத் துரத்துகிறார். இடைவெளி எல்லாம் கோபத்தை விழுங்குகிற இடைவெளி.

"உதடு இப்ப இயக்கவும் வெளிக்கிட்டுதோ?" என்றார் லோமன் கண்ணாடிக்கு அப்பால்.

கெஸ்லர் வாயை இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்தா. "இவள் சொல்லுறதிலயும் விஷயம் இருக்கு. ஒருக்கா அப்பிடிச் செய்து பாப்பம்."

லோமன் செய்தார். கத்தி மாதிரி இருந்தது. கெஸ்லர், "இதையே வைப்பம்" என்றா.

அப்பொழுது ரமணன் அண்ணை, காதுக் கருவியைக் கழற்றாமலே, தமிழில் சொன்னார்.

"பிள்ளை, ஒறிஜினல்ல ஏதோ துணி உரசிற சத்தம் கேக்குது. மூண்டு தரம்."

"ஆத்தங்கரை அண்ணை. கோட்டுப் போட்டிருப்பார். காத்து."

"காத்து அளந்து அளந்து மூண்டு தரம் அடிக்குமோ?"

"உதடு சரி அண்ணை."

"உன்னோட கதைக்க ஏலாது."

வேண்டாத டேக்குகளை உடனுக்குடன் அழித்துவிடுவது என் வழக்கம். மற்றக் கட்டரின்மார் வாரக் கடைசிவரை வைத்திருப்பார்கள். நான் கெதியான ஆள் என்று பெயர் எடுத்திருந்தேன். இளக்கமாகச் சொன்ன முதல் டேக்கை அந்த நிமிடமே அழித்தேன்.

5. முழுப் படம்

இரண்டு கிழமைக்குப் பிறகு, குரல், இசை, சத்தம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற நாள். அந்த அறைக்குத்தான் மூடாத படம் வரும். கெஸ்லர், ரமணன் அண்ணை, விநியோக நிறுவனத்துப் பெண், நான்.

வாயாக மட்டும் பார்த்திருந்த படம் திறந்துகொண்டது. ஆறு இருந்தது. நான் நினைத்ததைவிட அகலமான ஆறு. பனிமூட்டத்துக்குள் கயிறு போய் மறைந்தது. கரையில் ஒரு நாய் இருந்தது, அது எங்கள் பிரதியில் இருக்கவே இல்லை. கனவில் போன வீட்டுக்கு விழித்துக்கொண்டு போனது போல இருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. தகப்பனும் மகளும் எதிரெதிரே நிற்கிறார்கள். அவர் இரண்டு கையாலும் அவளுடைய கோட்டின் பொத்தானைப் பூட்டுகிறார். கீழேயிருந்து மேலே, ஒன்றொன்றாக, சின்னப் பிள்ளைக்குப் பூட்டுகிற மாதிரி.

குளிருது. ஒரு பொத்தான். நீ இனிப் போகலாம். இன்னொரு பொத்தான். எனக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்துப் பொத்தான். அவள் நாடியைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறாள்.

வாயில் ஒன்றும் இல்லை. எல்லாம் கையில் இருந்தது. அந்தக் கைக்கு மேலே லோமனின் குரல் கத்தியாக விழுந்துகொண்டிருந்தது. அவர் அவளைத் துரத்துவதற்காகக் கோட்டுப் பூட்டிவிடுவது போல இருந்தது, ஒரு குரூரமான ஆள் போல.

விநியோக நிறுவனத்துப் பெண் படத்தை நிறுத்தச் சொன்னார். கோபப்படவில்லை. பேனையை மேசையில் வைத்தார்.

"அவருக்கு இனி ஏலாது போல கிடக்கு. காட்சியே விளங்கேல்லை அவருக்கு. இதுக்குத்தான் நான் பயந்தது."

நான் சொல்லியிருக்கவேண்டும். அந்த நொடியே. சொல்லவில்லை. கெஸ்லரும் தன் கடதாசிகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. நாளை மத்தியானத்துக்குள் வேலை முடியவேண்டும், இளங்குரலைக் கூப்பிட்டு இந்தக் காட்சியைப் பேசவைத்துப் பார்ப்போம், பிடித்தால் அடுத்த படத்திலிருந்து அவரே பேசட்டும் என்றார் அந்தப் பெண். இடைவேளை விட்டார்கள்.

கோப்பி இயந்திரத்தடியில் ரமணன் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மூண்டு தரம் எண்டு சொன்னனான்."

"சொன்னனீங்கள்."

"காத்தெண்டாய்."

"ஓம் அண்ணை."

"கெஸ்லரும்தான் ஓமெண்டவ. அவ சொல்லமாட்டா, பார்."

"அதுக்கு?"

"அதுக்கொண்டுமில்லை. சீனி போடவோ?"

கோப்பியைக் குடிக்காமல் உள்ளே போனேன். அது லோமனின் பிழை இல்லை, அவர் முதலில் சரியாகத்தான் சொன்னார், நான்தான் மாற்றச் சொன்னேன் என்றேன். கெஸ்லர் தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப அந்த முதல் டேக்கைப் போடுங்கோ," என்றார் அந்தப் பெண்.

"அழிச்சிட்டன்."

"ஏன்?"

"நான் கெதியா வேலை செய்யிறனான்."

நாளைக் காலையில் லோமனே வந்து இன்னொரு தரம் பேசிப் பார்க்கட்டும், சரிவராவிட்டால் இளங்குரல் என்றார் அந்தப் பெண்.

லோமனுக்குத் தொலைபேசி எடுத்தேன். முந்தின நாள்தான் மூன்று பல்லும் பிடுங்கியிருந்தார். வாய்க்குள் பஞ்சோடு பேசினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான், கை, இளங்குரல், அழித்த டேக்.

"அப்ப நான் பிழையாச் சொல்லேல்லை," என்றார்.

"இல்லை."

"நீ பிழையாப் பாத்தனி."

"ஓம்."

"இன்னொருக்காச் சொல்லு. எனக்கு ஒரு பக்கக் காது அடைச்சிருக்கு."

"நான் பிழையாப் பாத்தன்."

"காலமை பத்து மணி," என்று சொல்லி வைத்தார்.

6. கோட்டு

வலது கன்னம் ஒரு தோடம்பழம் அளவு வீங்கியிருந்தது. கழுத்துச் சால்வையைத் தாடையோடு சுற்றியிருந்தார். வழக்கம்போல் திறப்பையும் கண்ணாடிக்கூட்டையும் என் மேசையில் வைத்தார். இருமல் இனிப்பு இருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றினார்.

மூடாத படத்தைக் கலவை அறைக்கு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே லோமனுக்கு மறுபடியும் அந்த வட்டமும் வாயும்தான். விநியோக நிறுவனத்துப் பெண் என் பின்னால் கதிரை போட்டு இருந்தார்.

முதல் டேக். சோகமாக இருந்தது. வலி உள்ளே வந்துவிட்டது. "கூடிப்போச்சு," என்றா கெஸ்லர். இரண்டாவது டேக் இனிப்பாக இருந்தது, பொய்யாக. மூன்றாவது, நடுவில் நின்றுவிட்டார். சால்வையால் வாயைத் துடைத்தார். எத்தனை தரம் அந்த வாயால் இன்னும் முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்னால் கதிரை கிரீச்சிட்டது. அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

நான் எழும்பினேன். கொழுவியிலிருந்து என் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். குளிர்காலக் கோட்டு, தடித்த கம்பளி, பெரிய பொத்தான்கள். முதல் கதவைத் திறந்தேன். அது மூடும்வரை காத்திருந்தேன். இரண்டாவதைத் திறந்தேன்.

"என்ன, குளிருதோ?" என்றார் லோமன்.

"பூட்டுங்கோ."

அவர் என் கோட்டின் பொத்தான்களைப் பார்த்தார். பிறகு கேட்டார், "மேலயிருந்தோ, கீழயிருந்தோ?"

"கீழயிருந்து."

"அவள் என்ன செய்யிறாள்?"

"சும்மா நிக்கிறாள்."

"அது உனக்கு வராதே," என்றார்.

ஒலிபெருக்கியில் கெஸ்லரின் குரல் வந்தது. "உள்ள என்ன நடக்குது? கோட்டுச் சத்தம் மைக்கில விழும்."

பின்னால் எங்கோ ரமணன் அண்ணையின் குரல், ஜெர்மனில். "விழட்டும்."

நான் திரைக்கு முதுகைக் காட்டி, மைக்குக்குப் பக்கத்தில் நின்றேன். லோமன் என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்தார். திரையின் வெளிச்சம் மாறுவது அவருடைய மூக்குக்கண்ணாடியில் தெரிந்தது. அந்த வட்டம் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. அவருடைய கை பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்தது. தடித்த விரல், பொத்தானைத் துளைக்குள் போடச் சண்டை பிடித்தது.

குளிருது, என்றார்.

வீங்கிய வாய் கொஞ்சம்தான் திறந்தது. அவருடைய கவனம் சொல்லில் இல்லை, பொத்தானில் இருந்தது. நீ இனிப் போகலாம். கம்பளி உரசியது. நான் எங்கே நிற்கிறேன் என்பது மறந்துபோயிற்று. எனக்குப் பின்னால் ஓர் ஆறு இருக்கிறது, அகலமான ஆறு, கயிறு பனிக்குள் போகிறது என்று இருந்தது. ஏழு வயதில் பொது அறையில் கேட்ட அதே குரல், எனக்கு முதன்முதலாக ஒரு வசனம் தந்த குரல், ஒரு சாண் தூரத்திலிருந்து எனக்கே பேசியது. கழுத்துப் பொத்தானுக்கு வந்தார். அவருடைய விரல் முட்டி நாடியில் பட்டது. நாடி தானாக உயர்ந்தது.

எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு கெஸ்லர் கேட்டா, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். "உதடு சரியோ?"

"தெரியாது," என்றேன். "நான் பாக்கேல்லை."

ரமணன் அண்ணை இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்த்தார். இரண்டாவது வரி ஒரு மயிரளவு நீளம். அப்படியே விட்டார்கள்.

விநியோக நிறுவனத்துப் பெண் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, லோமனைப் பார்த்து, "அடுத்த படம் வைகாசியில. பல்லுக் கட்டிப்போடுங்கோ அதுக்குள்ள," என்றார்.

லோமன் திறப்பை எடுக்க என் மேசைக்கு வந்தார். "கோட்டைக் கழட்டு," என்றார். "வேர்க்குது உனக்கு."

7. பிறகு

கெஸ்லர் பல மாதம் என்னைக் கூப்பிடவில்லை. அவவைக் குறை சொல்லமாட்டேன். அந்த மாதங்களில் காலமையிலிருந்து பின்னேரம்வரை கார்ட்டூனில் பேசுகிற முயல்களுக்கு உதடு பார்த்தேன். முயல்களுக்கு ம, ப ஒன்றும் கிடையாது. திறக்கும், மூடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாள் கெஸ்லரே தொலைபேசி எடுத்து, "திங்கட்கிழமை வா. டேக்குகளை மட்டும் அழிக்காதை," என்றா.

படம் வெளியான கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நொய்கெல்ன் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் பின்னேரக் காட்சிக்குப் போனேன். கடைசிக் காட்சி வந்தது. மூன்று வரி, மூன்று உரசல். அந்த உரசல் ஆற்றங்கரைக் கோட்டு இல்லை, என் கோட்டு. ரமணன் அண்ணை அதை எடுக்காமல் விட்டிருந்தார். தியேட்டர் முழுக்க அதைக் கேட்டது, ஒருவருக்கும் தெரியாது. அதே கோட்டு என் மடியில் மடித்துக் கிடந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம்.

"எப்பிடி அம்மா படம்?"

"நல்லாயிருந்தது. அந்தப் பொத்தான் பூட்டிற படம்."

நான் சிரிக்கவில்லை. கண்ணாடி துடைக்கிற படம், பேனை மூடி திருகிற படம், கொண்டை ஊசி, லேஞ்சி. பஸ் வரும்வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றேன். முப்பது பக்கக் கட்டுரையில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அமெரிக்காவிலிருந்து இன்னும் அப்படித்தான் அனுப்புகிறார்கள். கறுப்புத் திரை, தேநீர்த் தட்டளவு வட்டம். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. "சரி" என்று சொல்வதற்கு முன்னால், பக்கத்தில் காதுக் கருவியோடு இருக்கிறவரைக் கேளுங்கள். நான் ஒவ்வொரு டேக்குக்கும் கேட்கிறேன்.

"அண்ணை, துணிச் சத்தம் ஏதும் கேக்குதோ?"

"இல்லை. காத்து," என்பார் ரமணன் அண்ணை. பிறகு இன்னொரு தரம் ஓடவிட்டு, இரண்டு பேரும் கேட்போம்.